இரண்டாவது துண்டு ரொட்டி

களாப்பழம் பறிக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது, டாக்டர். முள்ளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பால்தான் தொல்லை. காம்பைக் கிள்ளியதும் வெள்ளையாகக் கசிந்து விரலில் ஒட்டிக்கொள்ளும், எந்தச் சோப்புக்கும் மசியாது. என் நகத்தோரம் கறுப்பாகத் தெரிகிறதே, அது அந்தக் கறைதான். அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன், கை கழுவாமல் ஒரு லென்ஸைத் தொடமாட்டேன்.

என் தம்பி மனைவிக்கு வருகிற வாரம் மூக்கில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருக்கிறீர்கள். உள்ளே எலும்பு வளைந்திருக்கிறது, ருசி தெரியாமல் போனதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம் என்றீர்களாம். அது விஷயமாகத்தான் வந்தேன். நர்ஸை வெளியே இருக்கச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். குடும்ப விஷயம், காதும் காதும் வைத்தாற்போல் பேசி முடித்துவிடலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடாத தண்டவாளம் ஒன்று உண்டு. அதை ஒட்டிய மேட்டில்தான் களாப் புதர்கள். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. கண்டுபிடித்தது நான். வருஷாவருஷம் வாளி வாளியாகப் பறித்து வந்து ஜாம் காய்ச்சி பாட்டிலில் அடைப்பதும் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதை ரொட்டியில் தடவித் தின்பார். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பேன். "ம்" என்பார். அப்பாவுக்குப் பேச்சில் சிக்கனம் அதிகம். அந்த 'ம்' எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆகி அவள் வந்தாள். பேக்கரியில் கேக் போடுகிறவள். நல்ல பெண், எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. போன வருஷம் நானேதான் அவள் கையில் வாளியைக் கொடுத்து மேட்டுக்குக் கூட்டிப்போனேன். எது பழுத்தது, எது பழுத்த மாதிரி நடிக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். "நான் ஒரு தடவை காய்ச்சிப் பாக்கட்டுமா, அத்தான்?" என்று கேட்டாள். தாராளமாக என்றேன். சர்க்கரையைக் குறைத்தாள். பழுக்காத சிவப்புக் காய் ஒரு பிடி சேர்த்தாள். ஆரஞ்சுத் தோலை நூல் மாதிரி சீவி, இறக்கும்போது போட்டாள்.

அப்பா ஒரு வாய் கடித்தார். மென்றார். அப்புறம், "இன்னொரு துண்டு குடும்மா" என்றார்.

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அப்பா இரண்டாவது துண்டு கேட்டு நான் பார்த்ததில்லை. அதோடு விட்டாரா, ஜாம் தடவிய கத்தியை நக்கினார். நாங்கள் சின்ன வயதில் நக்கினால் முதுகில் ஒன்று வைப்பவர். என் மனைவியாவது சும்மா இருந்திருக்கலாம். "இத்தன வருஷமா நாம என்னத்தத் தின்னுக்கிட்டு இருந்தோம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, டாக்டர். அப்பா போட்டது. காய்ச்சினவர் வாய் கடைசியில்தான் திறக்க வேண்டும். அதாவது, பாட்டில் திறக்கும் நாளில் மற்றவர்கள் எல்லாரும் தின்று, அபிப்பிராயம் சொல்லி முடித்த பிறகுதான் காய்ச்சினவர் தொடலாம். முதலில் தின்றால் தன் சரக்கைத் தானே புகழ்ந்து மற்றவர்கள் வாயைக் கட்டிவிடுவாராம். நியாயமான வழக்கம். பாட்டிலைத் திறந்து பரிமாறுவது வீட்டுக்கு மூத்தவன் வேலை. அதாவது என் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தொழிலில் ஒரு சின்ன விஷயம் தெரிந்துகொண்டேன். ஒரே லென்ஸைக் கழற்றி மறுபடியும் அதையே மாட்டி, "இப்ப எப்படி இருக்கு, கொஞ்சம் மங்கலா?" என்று மெதுவாகக் கேட்டால், பாதிப் பேர் ஆமாம் மங்கல்தான் என்பார்கள். கண்ணைவிடக் கேள்வியைத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள். நான் இதை யாரையும் ஏமாற்றப் பயன்படுத்தியதில்லை. கடையில் பயன்படுத்தியதில்லை.

இந்த வருஷம் மேட்டில் பழம் கறுத்ததும் அவள் ஆசையாகக் காய்ச்சி அலமாரியில் வரிசையாக வைத்தாள். நான் கடையின் பின்னறையில், முதலாளி இல்லாத மத்தியானங்களில், தனியாக ஒரு ஜாம் காய்ச்சினேன். பச்சைக்காய், பாலைக் கழுவாமல். சர்க்கரையைக் கருக விட்டு, அடி பிடிக்க வைத்து, அதையும் சுரண்டிச் சேர்த்தேன். கெட்ட ஜாம் காய்ச்சுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். பார்வைக்கு அவளுடையதைப் போலவே இருக்க வேண்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட. கண்ணும் கருத்துமாகச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பாட்டிலைத் திறந்து எல்லாருக்கும் தடவிக் கொடுத்தேன். தம்பி முகத்தைச் சுளித்தான். என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அப்பா துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நானும் தின்றேன், என் பங்குக்கு நானும் சுளித்தேன். பிறகு, "பாட்டில் வாய் பிசுபிசுக்குது, தொடச்சிட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போய், அவள் பாட்டிலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் தின்றாள்.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

தம்பி அவள் தோளில் கை வைத்தான். மிச்சப் பாட்டில்களையெல்லாம் கொட்டிவிடச் சொன்னார் அப்பா. நான்தான் எடுத்துப்போனேன். கொட்டவில்லை. அவ்வளவு நல்ல ஜாமைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. கடையில் வைத்து, ஸ்பூனால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தேன். அதைவிட ஒருத்தருக்கு என்ன மரியாதை செய்ய முடியும், சொல்லுங்கள்.

அவள் மனம் தளராமல் மறுபடியும் காய்ச்சினாள். மறுபடியும் அதே கதைதான். இந்தத் தடவை தின்று முடித்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கேட்டாள், "அத்தான், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நெசமாவே கசக்குதா?"

கடையில் கேட்கிற குரலில்தான் கேட்டேன், "நிதானமா இன்னொரு வாய் தின்னு பாரும்மா. உனக்குக் கொஞ்சங்கூடக் கசக்கல?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். கையில் இருந்தது அவளுடைய சொந்த ஜாம், தேவலோகத்து ஜாம். விரலால் இன்னொரு துளி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா அத்தான், அடி நாக்குல லேசாக் கசக்குற மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றுமே செய்யவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டீயில் சர்க்கரை சரியா என்று தம்பியிடம் கேட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பித்தது அவளாகவே. ஒரு நாள் பேக்கரிக்குப் போய், என் நாக்கை நம்பி கேக் விற்காதீர்கள் என்று சொல்லி வேலையை விட்டதும் அவளாகவே. உங்களிடம் வந்ததும் அப்படித்தான்.

இதோ, இரண்டு பாட்டிலும் கொண்டுவந்திருக்கிறேன். இது என்னுடையது, இது அவளுடையது, கடைசியாக ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். தொட்டுப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவள் நாக்கில் ஒரு குறையும் கிடையாது, டாக்டர். பாவம், அந்த மூக்கை அறுக்காதீர்கள். ஆபரேஷன் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். போன வாரம் அப்பாவுக்கு என்னுடைய நல்ல ஜாமைத்தான் கொடுத்தேன், பழைய கைப்பக்குவத்தில். தின்றுவிட்டு, "போன வருஷம் அவ போட்டாளே, அந்த மாதிரி வரலடா" என்றார். இனிமேல் அவள் முறையிலேயே காய்ச்சப் போகிறேன். சிவப்புக் காய், ஆரஞ்சுத் தோல், எல்லாம் எனக்கு மனப்பாடம். மேட்டில் கடைசிப் பழங்கள் இப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. அவை தீரும்வரை உடம்புக்குக் கெடுதல் இல்லாத மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்கள், அவள் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். அப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் இரண்டாவது துண்டு கேட்டுவிடட்டும், மறுநாளே அவளுக்கு நாக்கு சரியாகிவிடும்.