மருந்து ஊற்றாத தட்டு

பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்து. டிரைவர் போட்ட பாட்டையும் மீறி முன் சீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"புற்றுநோய் செல்லெல்லாம் செத்துப்போச்சு அத்தை. அதான் லேப்ல உக்காந்து அழுதேன்."

பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "செத்தா நல்லதுதான கண்ணு?"

"ரெண்டு தட்டுல செல்ல வளப்போம். நித்தியகல்யாணியில எடுக்குற மருந்த ஒரு தட்டுல ஊத்துவோம். இன்னொரு தட்டுல ஊத்தாம விடுவோம். அதுல இருக்குற செல்லு உசுரோட இருக்கணும். இந்தத் தடவ ரெண்டுமே செத்துப்போச்சு."

"அதனால என்ன?"

"மருந்தால செத்துச்சா, வேற எதாலயாவது செத்துச்சான்னு எப்படிச் சொல்றது? திரும்ப முதல்ல இருந்து செய்யணும்."

"நித்தியகல்யாணின்னா நம்ம சுடுகாட்டு மல்லிதான? உங்க மாமாவுக்கு ஏத்துன மருந்தா?"

"அதேதான் அத்தை."

"நடமாடிட்டு இருந்த மனுசன ஊசி போட்டே கொன்னுட்டன்னு என் நாத்தனா இன்னும் சொல்றா."

ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள். டிரைவர் பாட்டை மாற்றினார். பேருந்து ஊரைத் தாண்டியதும் அந்த அம்மாள் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"இனி என் நாத்தனா வரட்டும், கேக்குறேன். ஊசி போடாம வச்சுப் பாக்க எனக்கு இன்னொரு புருசனா இருந்தாரு?"