கலந்து போட்ட குப்பை

சுசீந்திரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“குப்பை எடுக்க வாறவ இன்னைக்கும் என்னை ஏசிட்டுப் போறா. மீன் முள்ளையும் பால் கவரையும் ஒண்ணாப் போட்டுட்டேனாம்.”

“ஏட்டி, முனிசிபாலிட்டியில ரெண்டு வாளி குடுத்திருக்காவல்லா? பிரிச்சுப் போட்டா என்ன?”

“பிரிச்சுதான் வைப்பேன். அவ விசில் சத்தம் கேட்டதும் ஒண்ணாக் கொட்டிருவேன்.”

“உனக்கென்ன கிறுக்கா?”

“பிரிச்சுக் குடுத்தா வாங்கிட்டுப் பேசாமப் போயிருவா, மக்கா. கலந்து குடுத்தா வாசல்லயே உக்காந்து பிரிப்பா. முடியுற வரைக்கும் ஏசிட்டே இருப்பா. பிள்ளைக துபாய்க்குப் போன பொறவு எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசுறது அவதான்.”

மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

“எங்க தெருவுக்கு வாறவ ஒண்ணும் சொல்லமாட்டா. நானும் கலந்து போட்டுப் பாத்தாச்சு.”