தோள் சுகமான பிறகு

மொன்றியலில் நல்ல பனி. வில்லரே போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் பேஸ்போல் தொப்பி போட்ட ஒரு அக்காவும் அவவின் தம்பியும் இருந்தார்கள்.

"நான் நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்கிறதா நேர்ந்தது அவன்ர தோளுக்கடா, ரீமுக்கில்லை" என்றா அக்கா.

"ஆரின்ர தோளுக்கு?"

"எங்கட ரீமிலை பந்தெறிஞ்சவன்ர. வருசம் முழுக்கத் தோள் நோவெண்டு இருந்தவனெல்லே? இப்ப சுகம். சுகமான உடனை ரீம்காரர் அவனை வேறை ரீமுக்கு மாத்திப்போட்டினம். இனி அவையளுக்குத்தான் எறிவான்."

"அப்ப ஏன் உடைக்கிறியள்?"

"பிள்ளையார் கேட்டதைத் தந்திட்டாரே. உடைக்காமல் விடேலுமே?"

"உடைச்சா எங்களுக்கெதிரா எல்லோ நல்லா எறிவான்?"

"அதுதான்டா எனக்கும் விளங்கேல்லை. விட்டால், திரும்பத் தோள் நொந்தால் அந்தப் பாவம் ஆருக்கு?"

நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. நான் எழும்பவில்லை.

"பிள்ளையாருக்கு நேரேக்கை என்னெண்டு கேட்டனீங்கள்?"

"தோள் சுகமாக வேணுமெண்டு."

"எங்கட ரீமிலையே இருக்க வேணுமெண்டு கேக்கேல்லையோ?"

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தா. "அவன் போவானெண்டு ஆர் கண்டது?"

அடுத்த தரிப்பில் இருவரும் எழும்பினார்கள். பின்கதவடியில் அக்காவின் குரல் கேட்டது:

"வெள்ளிக்கிழமை உடைப்பம். அவனுக்குப் பதிலா வாறவனுக்கு முழங்கால் சரியில்லையாம். இந்தமுறை நேரேக்கை, எத்தினை வருசம் எங்களோட இருக்க வேணுமெண்டதையும் பிள்ளையாருக்கு விளக்கமாச் சொல்லிப்போட வேணும்."