ஒப்பிட ஒரு நல்ல துண்டு

— ரெண்டு குழாய்லயும் உங்கண்ணன் சதையையே போட்டுட்டியா? மறைக்காம சொல்லு, திட்ட மாட்டேன்.

— இல்லக்கா. ஒண்ணுல அண்ணன் கட்டியில எடுத்தது. இன்னொண்ணுல ஃப்ரீசர்ல புதுசா வந்திருக்கிற நல்ல துண்டு. பாத்துப் பாத்துதான் போட்டேன்.

— அப்புறம் எப்படிடா ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி வரும்? புற்றுநோய்க் கட்டி ஒரு பக்கம், நோயில்லாத ஆளோட நுரையீரல் ஒரு பக்கம். இத்தனை வருஷம் இந்த லேப்ல குப்பை கொட்டுறேன், இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல.

— அண்ணன் நுரையீரல்லேயே நல்ல இடமாப் பாத்துக் கொஞ்சம் கிள்ளியிருந்தா, அதோடயே ஒப்பிட்டிருக்கலாம்.

— அதுக்குத்தான் ஊசி குத்திச் சதை எடுத்த டாக்டர் பதில் சொல்லிட்டாரே.

— ஆமா. நல்ல இடம்னு ஒண்ணு இருந்தா எடுத்திருக்க மாட்டேனான்னாரு.

— சரி, டீயைக் குடி. ராத்திரி தூங்கவே இல்லையா?

— எப்படித் தூக்கம் வரும்? கட்டியில மட்டும் அளவுக்கு மீறி வேலை செஞ்சு சத்தம் போடுற ஜீன் ஒண்ணு சிக்கினாதான் அதை அடக்குற மாத்திரை குடுப்பாங்க. இல்லேன்னா பெரிய டாக்டர் கையை விரிச்சிடுவாரு.

— எனக்கே பாடம் எடுக்குறியா, சாமி.

— கோச்சுக்காதீங்க. காலையில அண்ணி வாசல்லயே நின்னுட்டாங்க, பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு. எது எப்படி ஆனாலும் நான் இருக்கேன் அண்ணி, பாப்பாவை நான் ஆளாக்குறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— ஒண்டிக்கட்டை நீ, சொல்லிட்ட.

— அவங்களுக்கு வேற யாருக்கா இருக்கா?

— அப்ப முதல்ல உன் உடம்பைத் தேத்து. ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குற.

— அது சும்மா, நுரையீரல் ஓரத்துல ஒரு ஓட்டை. வெட்டித் தைச்சாச்சு. இனிமே ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்களே.

— இரு, மெஷின் கூப்பிடுது. காலையில வந்ததுமே எல்லாத்தையும் புதுசா ஓட்ட வெச்சேன். உங்கண்ணனது, இந்தப் புதுத் துண்டு, கூடவே பழைய நல்ல துண்டுல மிச்சம் ஒரு பொட்டு ஒளிச்சு வெச்சிருந்தேன், அதுவும்.

— நீங்களே பாருங்கக்கா. எனக்குத் தைரியம் இல்ல.

— உக்காரு. பழைய துண்டோட வெச்சுப் பாத்தா வித்தியாசம் பளிச்சுனு தெரியுது. உங்கண்ணன் கட்டியில நாலு ஜீன் தொண்டை கிழியக் கத்துது. பழைய துண்டுல அதுங்க வாயே திறக்கல.

— அப்ப மாத்திரை குடுக்கலாம்.

— இல்லப்பா.

— ஏன்? அதான் நாலு சிக்கியிருக்கே.

— சிக்கினது எதுக்கும் மருந்து இல்ல. உலகத்துல யார்கிட்டயும் இல்ல.

— ஒண்ணுக்குக்கூடவா?

— ஒண்ணுக்குக்கூட இல்ல. வேற ஆளா இருந்தா பூசி மெழுகிச் சொல்லியிருப்பேன். உன்கிட்ட முடியலடா.

— அண்ணிகிட்ட எந்த வாயால சொல்வேன்?

— நானும் கூட வரேன். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருக்கு. இந்தப் புதுத் துண்டுலயும் அதே நாலு ஜீனும் கத்துது.

— அது நல்ல துண்டுக்கா.

— நல்லதுன்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பினாங்க. ஒரு ஓரத்துல சீவிப் பாத்துட்டு விட்டிருப்பாங்க. நோய் உள்ள உக்காந்திருக்கு.

— அண்ணனோடது ஒரு சொட்டு கலந்திருக்கும். நேத்து என் கையில தப்பு நடந்திருக்கும்.

— இன்னைக்கு ஊத்தினது என் கை. ஃப்ரீசர்ல இருந்து புதுசா வெட்டி, தனிக் குழாய்ல. கலக்கல.

— அதே நாலா? நல்லாப் பாத்தீங்களா?

— அதே நாலுதான். பாவம், குடுத்த மகராசன் உடம்பு சரியாயிடுச்சுன்னு நிம்மதியாத் திரிஞ்சுட்டு இருப்பான். உங்கண்ணனுக்கு வந்த அதே வியாதி, அதே மருந்தில்லாத வகை. ஆளைத் தேடிப் பிடிச்சு சொல்லணும். நம்மகிட்ட பேரு கிடையாது, நம்பர்தான். ஆஸ்பத்திரிக்கு ஃபோனைப் போட்டு யாருன்னு கேளு. என்னடா, அந்தத் துண்டு வந்த டப்பா மூடியவே திருப்பித் திருப்பிப் பாக்குற?

— இது என் கையெழுத்துக்கா. நேத்து அண்ணன் நினைப்புல கவனிக்கல.

— நீ எப்ப எழுதின? இது வந்தப்ப நீ லீவுல இல்ல இருந்த?

— ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே எழுதினேன். ஆபரேஷன்ல என்கிட்ட வெட்டி எடுத்ததைக் குப்பையில போடாதீங்க, எங்க லேபுக்கு நல்ல துண்டு தீர்ந்துபோச்சு, அங்க அனுப்பிடுங்கன்னு நான்தான் கேட்டேன்.

— டேய், என்னடா சொல்ற?

— ஃபோன் வேணாம்க்கா. நீங்க சொன்னதை அவன் கேட்டுட்டான். காலையில அண்ணிகிட்ட, நான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தவன் அவன்தான்.