எழுநூற்றெண்பது நொடி

வண்டி ஓட்டும்போது அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சிக்னல் மஞ்சளானதும் மிதிப்பவன், முன்னால் போகிறவன் முதுகில் ஏறப் பார்ப்பவன், இவர்களால் பெட்ரோலும் வீண், பிரேக்கும் வீண். என் வண்டியில் ஏறியவர்கள் யாரும் குலுங்கியது என்று இதுவரை குறை சொன்னதில்லை.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். ஒரு புது வண்டி விற்பனைக்கு வருமுன், அது லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எவ்வளவு புகை விடும் என்று அளக்க வேண்டும். அதற்காக வண்டியை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. எதிரே திரையில் ஒரு கோடு ஓடும். எந்த நொடியில் எந்த வேகம் என்று அது சொல்லும், நான் அப்படியே மிதிக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் அதே கோடுதான். இல்லாவிட்டால் ஒன்றை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது?

அதில் ஊருக்குள் ஓட்டும் பகுதி நூற்றுத் தொண்ணூற்றைந்து நொடி. முதல் பதினோரு நொடி எஞ்சின் ஓட, வண்டி நிற்க வேண்டும். பிறகு பதினைந்து கிலோமீட்டர் வேகம் வரை போய் நிற்க வேண்டும். முப்பத்திரண்டு வரை போய் நிற்க வேண்டும். ஐம்பது வரை போய் நிற்க வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் இருபத்தொரு நொடி சும்மா நிற்பதும் உண்டு. இதையே நான்கு முறை செய்தால் ஊர்ப் பகுதி முடிந்தது. பதினோரு வருடமாகச் செய்கிறேன். எனக்குத் திரையே வேண்டாம், தூக்கத்தில் எழுப்பினாலும் கால் தானாக மிதிக்கும்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். அதே சோதனைக் கூடத்தில் புகை அளக்கும் கருவிகள் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற குணம் மட்டும்தான் கொஞ்சம் கூடுதல். ஓட்டப்போகிற வண்டியின் எடையை உருளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நான் நூற்றைம்பது கிலோ குறைத்துச் சொல்லி வந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். எடை குறைந்தால் எஞ்சினுக்குப் பாடு குறைவு, புகையும் குறைவு, முதலாளிக்குச் சந்தோஷம். யார் வயிற்றிலும் நான் அடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார். "திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுக்கணும் மாப்ளே. வேற வழியில்ல. அதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிட்டா உனக்கு நல்லது."

"சரி மச்சான்" என்றேன். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு அரைமணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மனைவிதான் சாவியை எடுத்து என் கையில் திணித்தாள். "நீங்க உடனே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அண்ணியக் கூட்டிக்கிட்டுப் பின்னாலயே வர்றேன். பாத்துப் போங்க, அவரைக் குலுக்காதீங்க."

குலுக்காதீங்க என்றாள். அவளிடமும் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரி மூன்றரை கிலோமீட்டர். ஞாயிறு மதியம் தெருவில் ஈ காக்கை இல்லை. ஐந்து, ஆறு நிமிடத்தில் போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்வது சரிதான்.

எஞ்சினைப் போட்டேன். பதினோரு நொடி நின்றேன்.

முப்பத்திரண்டு வரை போய் நின்றபோது மச்சான் தலையைத் தூக்கிப் பார்த்தார். "சிக்னலே இல்லையே மாப்ளே, ஏன் நிக்கிற?" இருபத்தொரு நொடியை எண்ணி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டாவது தடவையும் பதினைந்தில் போய் நின்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கூடத்து ஆள் அல்லவா. அவர் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. "நாலும் ஓட்டப் போறியா?"

"ஆமா மச்சான்."

மூன்றாவதில், ஐம்பதைத் தொடும்போது, என் முழங்கையைப் பிடித்தார். "நான் எழுதல மாப்ளே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மிதி." எனக்கு அப்போது நிஜமாகவே பாவமாக இருந்தது. ஆனால் பாதியில் விட்டால் அதுவரை ஓட்டியது எதற்கும் உதவாமல் போய்விடும். பேசினால் மூச்சு வாங்கும், பேசாதீங்க என்றேன். என் கையில் இருந்த அவர் விரல்களை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். வேகம் ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது நான்காவதில் அந்த ஐம்பது மட்டும் பாக்கி. வாசலுக்குள் ஐம்பதில் போக முடியுமா? அதனால் கட்டடத்தைச் சுற்றியுள்ள சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். வாசலில் இருந்த காவலாளி கையைக் காட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். மச்சான் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவர் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது.

கடைசியில் நிறுத்திய பிறகும் ஏழு நொடி பாக்கி உண்டு. ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் கதவை இழுத்தார்கள், கண்ணாடியைத் தட்டினார்கள். ஏழும் முடிந்த பிறகு பூட்டைத் திறந்தேன்.

கதவு திறப்பதற்கு ஓரிரு நிமிடம் முன்னாலேயே உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? வண்டி நின்றபோது மச்சான் போய்விட்டிருந்தார். ஆகவே அந்த ஏழு நொடியை என் தலையில் கட்டாதீர்கள், அது நியாயமில்லை. மற்ற எழுநூற்று எழுபத்து மூன்று நொடியும் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?