கோணல் சால்

காளியம்மாள்: பையை இப்படிக் குடு. அம்மாடி... கல்லா அள்ளிட்டு வந்தே?

நீலாம்பாள்: புஸ்தகம்மா.

காளியம்மாள்: வீட்டுக்கு வர்ற புள்ளைக்கு எதுக்குடி புஸ்தகம்?

நீலாம்பாள்: திங்கக்கிழமை எங்க மகளிரியல் கோர்ஸ் முடியுது. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, இந்த வருசம் என்ன கத்துக்கிட்டோம்னு பேசணும். உன்கிட்ட ஒருக்கா பேசிப் பாக்கலாம்னுதான் வந்தேன்.

காளியம்மாள்: என்கிட்டயா... நானா மார்க்கு போடப்போறேன்? ஏன்டி, தஞ்சாவூர்ல மேகம் கட்டியிருந்துச்சா?

நீலாம்பாள்: மேகமா? வெயிலு மண்டையப் பொளக்குது. ஆமா, கையில என்னம்மா துணி சுத்தியிருக்கே?

காளியம்மாள்: கஞ்சி வடிக்கையில சுட்டுக்கிட்டேன்.

நீலாம்பாள்: ரெண்டு கையுமா?

காளியம்மாள்: சட்டி பெரிய சட்டி. நீ பேசுறதப் பேசு. பொம்பளையா இருக்கறதுக்குக்கூட ஒரு படிப்பு வச்சிருக்கான் பாரு... அதுல என்னதான் சொல்லித் தர்றாங்க?

நீலாம்பாள்: மொத நாளே சஃபியா மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க. உங்க ஊர்ல, உங்க வீட்ல, பொம்பளைங்க தொடக்கூடாதுன்னு வச்சிருக்கற பொருள் எது?

காளியம்மாள்: இது ஒரு கேள்வியா?

நீலாம்பாள்: நாங்களும் அப்படித்தான் சிரிச்சோம். அப்புறம் சுவாமிமலைப் பொண்ணு மங்களாம்பிகை எந்திரிச்சா. அவங்க வீட்ல சாமி சிலை வார்க்கறாங்க. மெழுகு உருட்டறது அவ அக்கா, மண்ணு கொழைக்கறது அவ அம்மா. ஆனா சிலைக்குக் கண்ணு தொறக்கற உளியை மட்டும் அவ அப்பாதான் தொடணுமாம். 

காளியம்மாள்: பாவம்...

நீலாம்பாள்: அப்புறம் ஒரத்தநாட்டு தர்மாம்பாள். பெரிய நிலக்காரங்க. அவ அம்மா கல்யாணமாகி வந்ததிலேர்ந்து சொந்த வயலு வரப்ப மிதிச்சதில்லையாம். மிதிச்சா குடும்பத்துக்குக் கௌரவக் கொறைச்சல்.

காளியம்மாள்: நல்ல கௌரவம். நாங்க மிதிக்காத வரப்பு இந்த ஜில்லாவுலயே கெடையாது. நீ என்ன சொன்னே?

நீலாம்பாள்: ஏரு.

காளியம்மாள்: ஏரா?

நீலாம்பாள்: சித்திரையில நல்ல நாள் பாத்துப் பொன்னேரு பூட்டுவாங்க, அதுதான் வருசத்துக்கு மொத உழவு, ஆம்பளைங்க உழுவாங்க, பொம்பளைங்க வரப்புல நின்னு குலவை போடுவோம், ஏரை மட்டும் தொடக்கூடாது, தொட்டா மழை பெய்யாதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் மட்டும் சிரிக்கலை. யாராவது தொட்டுப் பாத்திருக்காங்களான்னு கேட்டாங்க. எல்லாரும் இல்லைன்னு தலையாட்டினோம்.

காளியம்மாள்: தொடாம இருக்கறதுதான் நல்லது... மேக்கால கொஞ்சம் கருக்கல் தெரியுதாடி? என் கண்ணுக்குச் சரியாத் தெரியல.

நீலாம்பாள்: என்னம்மா, வந்ததுலேர்ந்து மழை மழைங்கறே. நடவா வச்சிருக்கே?

காளியம்மாள்: சும்மாதான் கேட்டேன். மேல சொல்லு.

நீலாம்பாள்: பாடத்துல போராட்டமெல்லாம் வரும்மா. எங்க நடந்தாலும் பொம்பளைங்கதான் முன்னாடி நிப்பாங்க. படிக்கப் படிக்க நம்ம தெருவப் பத்தியே எழுதியிருக்கற மாதிரி இருக்கும். உச்சவரம்புச் சட்டத்துல பண்ணைகிட்டேர்ந்து எடுத்த நிலத்த நமக்குக் குடுக்கச் சொல்லி மறியல் பண்ணப்ப, போலீஸ் வேனு முன்னாடி படுத்தது யாரு?

காளியம்மாள்: நான், அம்சம், கமருன்னிஸா அக்கா... ஒரு கூட்டமே படுத்துச்சு. தார் ரோடு சுட்டது இன்னும் முதுகுல இருக்கு.

நீலாம்பாள்: சர்க்காரு பட்டா குடுத்தப்ப மேடையில ஏறி மாலை வாங்கினது?

காளியம்மாள்: உங்க அப்பா.

நீலாம்பாள்: நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?

காளியம்மாள்: கீழ நின்னு கை தட்டினேன். நல்லா சத்தமாத்தான் தட்டினேன்... ஏன்டி சிரிக்கறே? இதையெல்லாமா பேசப்போறே? உங்க அப்பாவை ஒண்ணும் சொல்லாதே. நம்ம நிலத்துல வெளஞ்சத நாம அறுத்ததுக்குப் பண்ணைக்காரங்க திருட்டுக் கேசு போட்டு, தெருவுல உள்ள ஆம்பளைங்க அத்தன பேரையும் திருச்சி ஜெயில்ல கொண்டுபோயி...

நீலாம்பாள்: அப்பாவச் சொல்லுவனாம்மா? போன வாரம் போயிப் பாத்தேன். அவருக்கு வேற கவலையே இல்ல. 'பொன்னேரு பூட்ட ஆளில்லையே, பூட்டலன்னா நிலத்தப் புடுங்கிடுவானே'ன்னு அதையேதான் பேசினாரு.

அம்சம்: அக்கா, பஞ்சநதம் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்... அட, நீலா. எப்ப வந்தே?

நீலாம்பாள்: இப்பத்தான் சின்னம்மா, பத்து மணி பஸ்ஸுல. பஞ்சநதம்னா, பண்ணை ரெங்கசாமி ஐயாவோட நிலமெல்லாம் மேப்பாக்கற காரியக்காரரா?

காளியம்மாள்: அம்சம், அடுப்புல உலை கொதிக்குது பாரு...

அம்சம்: என் வீட்டு அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலக்கா. ஆமா நீலா, அந்தாளுதான். விஏஓவக் கையோட கூட்டியாந்துட்டாரு. 'ஆம்பளைங்க உள்ள கெடக்கறானுவ, நிலம் தரிசு, தரிசுன்னே எழுதுங்க'ன்னு ஓதிக்கிட்டே வந்தாரு. அப்படி எழுதிட்டா பட்டாவ ரத்து பண்ணிப் பண்ணைக்கே திருப்பிக்கலாம்னு நெனப்பு. வந்து பாத்தா... உழுது கெடக்கு.

நீலாம்பாள்: உழுதாச்சா?

அம்சம்: 'உழுத நிலத்தப் போயித் தரிசுங்கறீங்களே'ன்னு விஏஓ திரும்பி நடையக் கட்டிட்டாரு. காரியக்காரருக்கு வெத்தல தொண்டையில சிக்கிக்கிச்சு.

நீலாம்பாள்: யாரு உழுதது?

காளியம்மாள்: அம்சத்தோட அண்ணன். பூதலூர்லேர்ந்து வந்து...

அம்சம்: எங்க வீட்டுக்காரரோட தம்பி. ஒரத்தநாட்டுலேர்ந்து...

நீலாம்பாள்: பூதலூரா, ஒரத்தநாடா?

காளியம்மாள்: ரெண்டு பேருந்தான் வந்தாங்க.

அம்சம்: ஆமா. ஒருத்தர் உழ, ஒருத்தர்... பாக்க.

நீலாம்பாள்: நல்லாப் பாத்தாரு போ. வர்ற வழியில பாத்தனே, ஒரு சாலாவது நேரா ஓடியிருக்கா? பாம்பு போன தடம் மாதிரி கெடக்கு. பூதலூராரு இவ்வளவு கோணலாவா உழுவாரு?

காளியம்மாள்: கோணலா இருந்தா என்ன, நெல்லு மொளைக்காதா? அவுக... அவுகளுக்கு நம்ம மாட்டோட பழக்கமில்ல. மாடு இழுத்த பக்கம் போயிருப்பாங்க. குத்தம் சொல்ல வந்துட்டா.

அம்சம்: நல்லாச் சொல்லுக்கா.

காளியம்மாள்: நீ போ அம்சம், போயி உன் அடுப்பப் பத்த வையி.

அம்சம்: போறேன் போறேன். நான் ஒண்ணும் சொல்லலியே... சொன்னேனா?

நீலாம்பாள்: சின்னம்மா எதுக்கு இப்படி ஓடுறாங்க?

காளியம்மாள்: அவ எப்பவுமே அப்படித்தான். இந்தா பாரு நீலா, ஒண்ணு சொல்றேன். பூதலூர்லயோ ஒரத்தநாட்டுலயோ யாரோ வந்தாங்க, உழுதாங்க. யாரு கேட்டாலும் அவ்வளவுதான். வைகாசியில உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. வர்ற எடத்துல அது இதுன்னு ஒரு பேச்சு வந்துடக்கூடாது.

நீலாம்பாள்: யாரோ உழுததுக்கு என்னை ஏன் வேண்டாம்னு சொல்லப்போறாங்க?

காளியம்மாள்: சொல்லுவாங்க. மழை வராமப் போச்சுன்னா இன்னும் சொல்லுவாங்க. ஒரு தெருவுக்கே பாவம் வந்து சேரும்... அதை யாரு சுமக்கறது?

நீலாம்பாள்: அம்மா, எதுக்கு இப்படிப் பதர்றே? இப்படி வாசல்ல உக்காரு. துணிய அவிழு, மருந்து போட்டு விடறேன்.

காளியம்மாள்: வேண்டாம் வேண்டாம். நீ உன் பேச்ச முடி. ஒரு வருசம் படிச்சியே, கடைசியா என்னதான் கத்துக்கிட்டே?

நீலாம்பாள்: முன்னெல்லாம் காலேஜுல யாராவது 'உங்க வீட்ல என்ன பண்றாங்க'ன்னு கேட்டா அப்பாவப் பத்தி மட்டும் சொல்லுவேன். உன்னைப் பத்திக் கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லைன்னு அடுத்த பேச்சுக்குப் போயிடுவேன். இப்ப அப்படி வாய் வராது. உன் பொண்ணுன்னு சொல்றப்ப எனக்கு நெஞ்சு நிமிருதும்மா. அதான் நான் கத்துக்கிட்டது.

காளியம்மாள்: போடி... இதுக்கா ஒரு வருசம்?

நீலாம்பாள்: ஏன்மா கண்ணத் தொடைக்கறே?

காளியம்மாள்: அடுப்புப் புகை.

நீலாம்பாள்: இங்கயும் அடுப்பு பத்த வைக்கலியே.

காளியம்மாள்: சும்மா இரு... நீலா. இரு. கையில ஒரு சொட்டு விழுந்துச்சு.

நீலாம்பாள்: எங்க?

காளியம்மாள்: இதோ... இங்கயும். துணி நனையுது பாரு. மண்ணு வாசம் வருதாடி? எனக்குத்தான் அப்படித் தோணுதா?

நீலாம்பாள்: வருதும்மா. நல்லாவே வருது.

காளியம்மாள்: என் தாயே... பேஞ்சுட்டியா? வா, நல்லாப் பேயி. அம்சம், ஏய் அம்சம், வெளிய வா, வந்து பாருடி...

நீலாம்பாள்: உள்ள வாம்மா, நனையறே.

காளியம்மாள்: நனையட்டும். காலையிலேர்ந்து என் உசிரு என்கிட்ட இல்லடி. இனிமே ஒரு பய ஒரு வார்த்தை பேச முடியாது. ஆமா, திங்கக்கிழமை பேசப்போறது இம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா?

நீலாம்பாள்: இருக்கு. நான் பத்து மணி பஸ்ஸுல வரலம்மா. மொத பஸ்ஸுலயே வந்துட்டேன். மதகுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். வலப்பக்கம் நடக்கற மயிலைக் காளையை நீ எடப்பக்கம் பூட்டிட்டு, 'நட சாமி, நட என் ராசா'ன்னு அதுகிட்டக் கெஞ்சினதப் பாத்தேன். தெருவுல உள்ளவங்க அத்தன பேரும் குலவை போடக்கூடப் பயந்து நின்னதையும், மொத சாலு முடிஞ்சதும் மேழிய விட்டுட்டு நீ வானத்த அண்ணாந்து பாத்ததையும் பாத்தேன். கிட்ட வந்தா கையை எடுத்துடுவியோன்னுதான் வரல. திங்கக்கிழமை சஃபியா மேடத்துக்கு அந்த மொத நாள் கேள்விக்குப் பதில் சொல்லப்போறேன். எங்க அம்மா தொட்டாங்க மேடம், அன்னிக்கே மழையும் பேஞ்சுது.