நான்காவது ஊசி

எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைப்பது நான்தான். உளுந்தைக் கொஞ்சம் கூட்டினால், குறைத்தால் இட்லி எவ்வளவு இளகும், எவ்வளவு இறுகும் என்று எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். ஆய்வகத்தில் ஆறு வருடமாகச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், ஐயா.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் அறிவு. வயது முப்பத்தொன்று. ராயபுரம். முனைவர் பட்ட ஆய்வு மாணவன். என் மனைவி மதி இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. வெளியே பெஞ்சில் இருப்பவர் அவளுடைய அம்மா பச்சையம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் மகளைக் கொன்றுவிட்டார்கள் என்று புகார் எழுதித் தரச் சொல்லி என்னை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். படித்தவன் எழுதினால் நீங்கள் கேட்பீர்கள் என்கிறார். ஆஸ்பத்திரியின் மேல் தவறில்லை. நாங்கள் அங்கே போனபோது அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு ரசாயனங்களின் அளவை மாற்றி மாற்றிக் கலந்து, மெத்தென்றும் கெட்டியாகவும் ஜெல் செய்வேன். அதன்மேல் உயிரணுக்களை வளர்ப்பேன். உயிரணுவுக்குக் கண் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் சவ்வுதான் தான் நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கும். விரல்போல நீண்டு, பிடித்து, இழுக்கும். தரை குழைந்து கொடுத்தால் பிடி தளரும். சவ்வு மடிந்து சுருங்க, உயிரணு உருண்டையாக அடங்கிவிடும். தரை அசையாவிட்டால் சவ்வு விறைத்துப் பரவும். அதிலுள்ள நுண்ணிய வாசல்கள் திறந்து உள்ளே சேதி போகும். புற்றுநோய் உயிரணுவாக இருந்தால் பெருகத் தொடங்கும்.

மதிக்கும் இதைச் சொன்னேன். எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் நிற்பதையும் சிமெண்ட் தரையில் நிற்பதையும் உதாரணம் காட்டினேன்.

"அதுங்களுக்குக் காலு கீதா?" என்றாள்.

"கால் மாதிரி."

"அப்போ நம்ம இன்னாசி மாமன்தான். கடல்ல கம்முனு கெடப்பான், தரைக்கு வந்தா ஆட்டம் போடுவான்."

போன ஆகஸ்டில், 2004இல், ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள் என் கையை எடுத்து இடது மார்பில் வைத்தாள். "பட்டாணி மாதிரி இன்னாவோ கீது, பாரு." தினமும் ஜெல்லை அழுத்திப் பழகிய விரல். எவ்வளவு கெட்டி என்று உடனே தெரிந்தது. முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. என் ஜெல் வரிசையில் இது எந்த இடத்தில் வரும் என்ற யோசனை. இதையும் எழுதுங்கள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டர் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார். அங்கே பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் அமான் என் கல்லூரித் தோழன். மிச்சத்தை எனக்குக் கொடுத்தான். உடனே சிகிச்சைக்கு அழைத்துப்போவேன் என்று நம்பினான். அவனை விசாரணைக்குக் கூப்பிட வேண்டாம். நான்காம் நாள் அறிக்கையை வாங்கினேன். புற்றுநோய், ஆரம்ப நிலை, தாமதிக்காமல் அறுவை செய்ய வேண்டும் என்றிருந்தது.

மதியிடம் கொழுப்புக் கட்டி என்றேன்.

காரணம் இருந்தது. ஆய்வகங்களில் இருப்பவை பல வருடம் புட்டியிலேயே வளர்ந்த உயிரணுக்கள். அவை மெத்தென்ற ஜெல்லில் அடங்குவதை யாரும் காட்டிவிடலாம். ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து அப்போதே எடுத்தவை அடங்குமா என்பதுதான் கேள்வி. அடங்குமானால், கட்டியைச் சுற்றியுள்ள சதையை இளக்கினால் போதும், அறுக்க வேண்டாம். அவளை அறுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். சிகிச்சை தொடங்கினால் உயிரணுக்கள் மாறிவிடும். தவிர, எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று முறை ஒரே மாதிரி வந்தால்தான் அது முடிவு. டாக்டர் எடுத்தது ஒன்று. இன்னும் இரண்டு வேண்டியிருந்தது. அது முடிந்ததும் அழைத்துப்போவதாகத்தான் இருந்தேன்.

இரண்டையும் நானே எடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், சமையலறையில், மரத்துப்போக முதலில் ஓர் ஊசி போட்டுவிட்டு. கட்டியைக் கரைக்கும் மருந்து என்று சொன்னேன். மாதிரி கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். அத்தை தன் மீன்பெட்டியிலிருந்து உடைத்துத் துண்டில் கட்டி எடுத்துவந்து வைப்பார். எதற்கு என்று ஒருமுறைதான் கேட்டார். மருந்துக்கு என்றேன். அதற்குப் பிறகு கேட்காமலே கொண்டுவந்தார்.

உயிரணுக்கள் மெதுவாகத்தான் வளர்ந்தன. ஜனவரியில் கட்டி எலுமிச்சை அளவு இருந்தது. அக்குளிலும் ஒன்று வந்திருந்தது.

"பெருசாயிகினே போதேடி. ஒரு தபா பெரியாஸ்பத்திரில காமிச்சிட்டு வந்துரலாம்" என்றார் அத்தை.

"நீ கம்முனு இரும்மா. அதுக்குன்னே படிக்கிற ஆளை வூட்ல வெச்சிகினு எவன்கிட்ட போய் வரிசையில நிக்கிறது?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அதுவும் சர்தான். மீனு விக்கிறவளுக்கு இன்னா தெரியும், நைனா. நீயே பாத்துக்கோ" என்று எனக்கு இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தார்.

மெத்தென்ற ஜெல்லில் மதியின் உயிரணுக்கள் அடங்கின. சவ்வு முழுக்கச் சின்னச் சின்ன மடிப்பு. கெட்டி ஜெல்லுக்கு மாற்றினால் மறுபடி விறைத்துப் பரவின. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒரு பெண்ணின் உடம்புக்குள் சதையை எப்படி இளக்குவது என்று எனக்குத் தெரியாது. தொடங்கும்போதும் தெரியாது.

பிப்ரவரி கடைசி ஞாயிறு இன்னொரு முறை ஊசியால் சதை எடுத்தேன். அது நான்காவது. மதி தானே முந்தானையை விலக்கிக்கொண்டு, சிலிண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி உள்ளே இருக்கும்போதுதான் கேட்டாள்.

"யோவ், உன் வேல முடிஞ்சா என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவியா?"

கொழுப்புக் கட்டிக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. போகலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். மாதிரியை எடுத்து ஐஸில் வைத்தேன்.

ஏப்ரலில்தான் போனோம். ஜூனில் இறந்தாள்.

அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் வேலை முடியவில்லை, அதனால்தான் தாமதம் என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். ஆனால் வாக்குமூலத்தில் சரியாகவே இருக்கட்டும். நான்காவது ஊசி போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று முடிவுகளும் ஒத்துப்போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. நான்காவதும் இருந்தால் ஆய்வேட்டில் வரைபடம் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது.